ஒரே ஊசி, இரண்டு கணக்கு

என்னிடம் இருபது ஆண்டுகளுக்கு முன் கல்வி பயின்ற மாணவர் ஒருவர் இப்பொழுது ஐக்கிய அமெரிக்காவிற் குடும்பத்தோடு வாழ்ந்து வருகிறார். மாரிகாலத்துப் பனியில் வழுக்கி வீழ்ந்ததில் அவருடைய வலத் தோளின் தசைநாண் அறுந்துபோயிற்று. சத்திரசிகிச்சை நடந்தது. தோளும் குணமாகி வந்தது. குணமாகாமல் எஞ்சியது கணக்கு ஒன்றேயாம். அதனை எனக்கு அனுப்பி, கூடவே ஒரு கடிதமும் எழுதியிருந்தார்.

“ஐயா, இதிலே மூன்று வரிகள் உள்ளன. முதலாவது வரி சத்திரவைத்தியருக்குரியது, அது விளங்குகிறது. இரண்டாவதும் மூன்றாவதும் மயக்கமருந்து வைத்தியருக்குரியவை. என்னை மயக்கியது ஒரு தடவைதான். இரண்டு வரிகள் எப்படி வந்தன? மூன்றாவது வரிக்குப் பணம் தரமுடியாது என்று காப்புறுதிக் கம்பனி எழுதிவிட்டது. அந்தத் தொகை என் தலையில் விழுமோ என்று அஞ்சுகிறேன். பாடசாலைக் கணக்கில் ஒரே செலவை இரண்டு தடவை எழுதினால் நீங்கள் விடுவீர்களா?”

கடிதத்தின் கடைசிக் கேள்வி என்னை விடவில்லை. கலைப்பட்டதாரியாகிய எனக்கு வைத்தியமும் தெரியாது, வைத்தியக் கணக்கும் தெரியாது. ஆயினும், பதிவேடுகளோடு வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில், அந்த மூன்று வரிகளையும் விளங்கிக்கொள்ள முயன்றேன். அம்முயற்சியில் நான் அறிந்தவற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நம் நாட்டில் அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லும் நோயாளர் கட்டணச் சீட்டுக் காண்பதில்லை. ஆதலால் இவ்விடயம் நமக்குத் தூரத்துச் செய்தியாகத் தோன்றலாம். ஆனால் நம் பிள்ளைகளும் உறவினரும் கடல் கடந்து வாழ்கின்றனர். அயலிலுள்ள சென்னை நகரிலோ ஆயிரக்கணக்கான தமிழ்ப் பட்டதாரிகள் அமெரிக்க நோயாளரின் குறிப்புகளைப் படித்து, அவற்றுக்கு எண் இடுவதையே தொழிலாகக் கொண்டுள்ளனர். அமெரிக்கத் தோள் ஒன்றின் கணக்கு, தமிழ்ப் பெண் ஒருத்தியின் மேசையில் எழுதப்படுதல் இன்று புதுமையன்று.

முதலிற் தோளைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். கைக்குச் செல்லும் நரம்புகள் கழுத்தெலும்புகளின் இடையிலிருந்து ஐந்து வேர்களாகப் புறப்படுகின்றன. அவை கழுத்தின் பக்கத்திலே ஒன்றோடொன்று கூடியும் பிரிந்தும், பின்னிய கயிறுபோலாகிக் கீழிறங்கி, காறை எலும்பின் கீழாகக் கமக்கட்டை அடைந்து, அங்கிருந்து கை முழுவதும் பரவுகின்றன. இதனைப் புயநரம்புப் பின்னல் என்பர். தோள்மூட்டின் நோவு பெரும்பாலும் இப்பின்னலின் மேல் வேர்கள் வழியாகவே மூளைக்குச் செல்கிறது. கழுத்தில் இரு தசைகளுக்கிடையே அவ்வேர்கள் ஓடும் இடத்திற் சிறிதளவு விறைப்பு மருந்தை ஊசியால் ஏற்றினால், தோளும் மேற்கையும் விறைத்துப்போகும். விறைப்பு பல மணி நேரம் நிற்கும். தோள்மூட்டுச் சத்திரசிகிச்சையின் பின் வரும் முதலிரவு மிகவும் நோவு மிக்கது என்பர். அவ்விரவின் பெரும்பகுதியைக் கடக்க இவ்வூசி உதவுகின்றது. அபின் இனத்து மருந்துகளின் தேவையும் அதனாற் குறைகிறது.

இம்முறை ஒரே நாளிற் பிறந்ததன்று. 1884 ஆம் ஆண்டிலே வியன்னாவைச் சேர்ந்த கார்ல் கொல்லர் என்னும் இளம் வைத்தியர், கொக்கெயின் கண்ணை விறைக்கச் செய்யும் என்று காட்டினார். அச்செய்தி அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்தது. நியூயோர்க்கிலே வில்லியம் ஹால்ஸ்டெட் என்னும் சத்திரவைத்தியர், கழுத்தைத் திறந்து, புயநரம்புப் பின்னலைக் கண்ணாற் கண்டு, அதன்மேல் அம்மருந்தைச் செலுத்தினார். அதன் தீமை அக்காலத்தில் நன்கு அறியப்பட்டிருக்கவில்லை. தம்மேலேயே அதனைப் பரீட்சித்த ஹால்ஸ்டெட் அம்மருந்துக்கு அடிமையாகி நெடுங்காலம் துன்புற்றார். 1911 ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த ஹிர்ஷெல், கூலென்காம்ப் என்னும் இருவர், தோலை அறுக்காமல் ஊசியினாலேயே பின்னலை அடையும் வழிகளைத் தனித்தனியே வெளியிட்டனர். முன்னவர் கமக்கட்டின் வழியாகச் சென்றார். பின்னவர் காறை எலும்பின் மேலாகச் சென்றார். அதனைத் தம் உடம்பிலேயே முதலிற் செய்து பார்த்தார். 1970 ஆம் ஆண்டிலே சிக்காகோவைச் சேர்ந்த அலன் வின்னி கழுத்துத் தசைகளின் இடைவெளி வழியை ஒழுங்குபடுத்தி வெளியிட்டார். தோள் வைத்தியத்துக்கு மிகவும் உகந்ததாக நின்றது அவ்வழியே. 1994 ஆம் ஆண்டளவில் வியன்னா வைத்தியர்கள், செவிக்கு எட்டாத ஒலியலைகளாற் படம் காட்டும் ஸ்கான் கருவியைக்கொண்டு, ஊசியின் நுனி செல்லும் இடத்தைக் கண்டு மருந்து ஏற்றலாயினர். பின்னலைக் கண்ணாற் காண ஹால்ஸ்டெட் கழுத்தைத் திறந்தார். நூற்றுப்பத்து ஆண்டுகளின் பின் அதே காட்சி, கத்தியின்றியே கிடைத்தது.

இனி, என் மாணவரின் கேள்விக்கு வருவோம். இந்த விறைப்பூசியை வைத்தியர்கள் இரண்டு நோக்கங்களுக்காகப் பயன்படுத்துகின்றனர். ஒன்று, ஊசியினாலேயே சத்திரசிகிச்சையை நடத்துதல். நோயாளருக்கு முழு மயக்கம் கொடுக்கப்படுவதில்லை. சிறிது தூக்கமருந்து மட்டும் கொடுத்துத் தோளை விறைக்கவைத்து வேலையை முடித்துவிடுவர். மற்றது, நோயாளரை முழுமையாக மயக்கியே சத்திரசிகிச்சை செய்து, அது முடிந்தபின் வரப்போகும் நோவுக்காக ஊசியை முன்கூட்டியே போட்டுவைத்தல். இரண்டிலும் ஊசி ஒன்றே, மருந்து ஒன்றே, கழுத்தில் குத்தும் இடமும் ஒன்றே. பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. வேறுபடுவது நோக்கம் ஒன்றுதான். கணக்கு முழுவதும் அந்த நோக்கத்தின் மேலேயே நிற்கிறது.

நோக்கத்தை எவ்வாறு கணக்கில் எழுதுவது? அதற்காகவே எண்கள் வந்தன. 1966 ஆம் ஆண்டிலே அமெரிக்க மருத்துவச் சங்கம், வைத்தியர் செய்யும் ஒவ்வொரு செயலுக்கும் ஓர் எண்ணும் ஒரு வரைவிலக்கணமும் வகுத்து ஒரு நூலை வெளியிட்டது. அதனைச் சீ.பீ.ரீ. என்னும் மூன்றெழுத்தால் வழங்குவர். முதற்பதிப்பில் எண்கள் நான்கு இலக்கத்தன. 1970 ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் ஐந்து இலக்கத்தனவாயின. முதியோருக்கான அரசாங்கக் காப்புறுதித் திட்டமாகிய மெடிக்கெயர் 1983 ஆம் ஆண்டில் இவ்வெண்களை ஏற்றுக்கொண்டது. 2000 ஆம் ஆண்டிலே, நாடு முழுவதும் மின்வழி வைத்தியக் கணக்குகளுக்கு இவையே நியமமாயின. நம் நூலகங்களில் நூல்களை எண்ணால் வகுத்து அடுக்குவது போன்ற ஏற்பாடு இது. வேறுபாடு யாதெனின், நூலகத்தில் எண் தவறினால் நூல் தவறான தட்டில் இருக்கும். இங்கே எண் தவறினால் பணம் தவறான கையில் இருக்கும்.

என் மாணவரின் முதலாவது வரியில் இருந்த எண் 29827. மூட்டினுள்ளே சிறு குழாய்க் கருவியைச் செலுத்திப் பார்த்தவாறே, தோளைச் சுழற்றும் தசைநாணைத் தைத்தமைக்குரிய எண் அது. இரண்டாவது வரி 01630. தோள்மூட்டுச் சத்திரசிகிச்சைக்காக மயக்கம் கொடுத்தமையைக் குறிப்பது. மூன்றாவது வரி 64415. புயநரம்புப் பின்னலில் விறைப்பு மருந்து ஏற்றியமையைக் குறிப்பது.

இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒருவரே செய்திருப்பினும், அவை ஒரே இனத்தன அல்ல. சைபரில் தொடங்கும் எண்கள் மயக்கமருந்துப் பிரிவுக்குரியவை. அவற்றின் கட்டணம் நேரத்தால் அளக்கப்படுவது. ஒவ்வொரு சத்திரசிகிச்சைக்கும் அதன் கடினத்துக்கு ஏற்ப அடிப்படை அலகுகள் சில உண்டு. 01630 என்பதற்கு ஐந்து. முழுத் தோள்மூட்டையும் மாற்றும் சத்திரசிகிச்சைக்குரிய 01638 என்பதற்குப் பத்து. அதன்மேல், ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் ஓர் அலகு சேரும். மயக்கம் இரண்டு மணி நேரம் நீடித்தால் நேர அலகுகள் எட்டு. ஐந்தும் எட்டும் பதின்மூன்று. இதனை ஓர் அலகின் விலையாற் பெருக்கவேண்டும். 2025 ஆம் ஆண்டில் மெடிக்கெயர் அளித்த விலை அலகொன்றுக்கு ஏறக்குறைய 20 டொலர். ஆகவே 260 டொலர் அளவில் வரும். தனியார் காப்புறுதிக் கம்பனிகளின் விலை இதனிலும் மிகக் கூடுதலானது. 64415 என்பதோ சத்திரசிகிச்சைப் பிரிவின் எண்களுள் ஒன்று. அதற்கு நேரக்கணக்கு இல்லை. பத்து நிமிடத்தில் முடிந்தாலும் அரைமணி எடுத்தாலும் கட்டணம் ஒன்றே.

இவ்வாறு இரு அளவுகோல்கள் அருகருகே இருக்கும்போது, ஒரே வேலையை இரண்டாலும் அளந்து இருமுறை பணம் பெறும் ஆசையும் எழக்கூடும். அதனைத் தடுக்க 1996 ஆம் ஆண்டு முதல் மெடிக்கெயர் ஓர் ஒழுங்கினை நடைமுறைப்படுத்தி வருகிறது. எந்த எண் எந்த எண்ணுக்குள் அடங்கும் என்று காட்டும் நீண்ட அட்டவணைகள் அதில் உள. பல தனியார் கம்பனிகளும் அதனைத் தழுவியே நடக்கின்றன. அவ்வொழுங்கின்படி, விறைப்பூசியே சத்திரசிகிச்சைக்குரிய உணர்வகற்றலாக அமையுமானால், அது 01630 என்பதற்குள் அடங்கிவிடும். அப்பொழுது 64415 எழுதக்கூடாது. நோயாளர் முழு மயக்கத்தில் இருந்து, அம்மயக்கம் ஊசியில் தங்கியிராமல், ஊசி பின்வரும் நோவுக்காகவே போடப்பட்டதாயின், அது தனிச் செயல். அப்பொழுது இரண்டையும் எழுதலாம்.

அதற்கும் சில நிபந்தனைகள் உண்டு. சத்திரசிகிச்சையின் பின் வரும் நோவைத் தணிப்பது வழமையாகச் சத்திரவைத்தியரின் பொறுப்பு. அவர் பெறும் கட்டணத்துள் அது அடங்கியுள்ளது. ஆகவே அவர் தாமே விறைப்பூசி போட்டுக்கொண்டு அதற்கெனத் தனிப்பணம் கேட்க முடியாது. தம்மால் இயலாத முறை தேவைப்படும்பொழுது, மயக்கமருந்து வைத்தியரிடம் அப்பொறுப்பை ஒப்படைக்கலாம். ஒப்படைத்தமையும், அதன் காரணமும் நோயாளரின் குறிப்பேட்டில் எழுத்தில் இருத்தல் வேண்டும். ஊசி போட்ட வைத்தியரும், எவ்விடத்தில், எந்த மருந்தை, எவ்வளவு, எதற்காக ஏற்றினார் என்று தனியே எழுதிவைத்தல் வேண்டும்.

இவையெல்லாம் நிறைவேறியபின் 64415 என்னும் எண்ணின் இறுதியில் 59 என்னும் இரண்டு இலக்கங்களைச் சேர்ப்பர். இதனை நம் இலக்கணத்தின் விகுதிக்கு ஒப்பிடலாம். பகுதி மாறாது. விகுதி சேர்ந்ததும் பொருள் திட்டமாகும். “இது மற்றைய செயலினின்றும் வேறான தனிச்செயல்” என்பதே 59 என்னும் விகுதியின் பொருள். அவ்விகுதி இல்லாவிடில், காப்புறுதிக் கம்பனியின் கணனி இரண்டு எண்களையும் அட்டவணையில் ஒப்பிட்டு, “ஒன்று மற்றொன்றுள் அடங்கியது” என்று கூறி, மூன்றாவது வரியைத் தள்ளிவிடும்.

விகுதியைச் சேர்த்தாற் பணம் வரும் என்று கண்டபின், சேர்க்கக்கூடாத இடத்திலும் சேர்ப்பவர் தோன்றினர். அமெரிக்கச் சுகாதாரத் திணைக்களத்தின் மேற்பார்வை அதிகாரிகள் 2005 ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டனர். 2003 ஆம் நிதியாண்டில் 59 என்னும் விகுதியோடு மெடிக்கெயருக்கு வந்த இணை எண்களுள் நூற்றுக்கு நாற்பது விதிக்கு அமையவில்லை என்றும், அதனால் 59 மில்லியன் டொலர் தவறாகச் சென்றது என்றும் அதிற் கண்டனர். விகுதியும் 59, தொகையும் 59 மில்லியனாக அமைந்தது தற்செயலே. இது விறைப்பூசிக்கு மட்டும் உரிய செய்தியன்று. எல்லா வகைச் சிகிச்சைகளையும் பற்றியது. பின்னர், 2015 ஆம் ஆண்டிலே மெடிக்கெயர், எக்ஸ் என்னும் எழுத்தில் தொடங்கும் நான்கு புதிய விகுதிகளை வகுத்தது. வேறு சந்திப்பு, வேறு உறுப்பு, வேறு வைத்தியர், வழமையில் ஒன்றோடொன்று கலவாத வேறு சேவை என, “தனி” என்ற சொல்லுக்குரிய நான்கு காரணங்களையும் அவை பிரித்துச் சொல்லும்.

நேரக் கணக்கிலும் ஒரு நுட்பம் உண்டு. மயக்கத்துக்குரிய நேரம், வைத்தியர் நோயாளரை அதற்காக ஆயத்தம் செய்யத் தொடங்கும் கணத்திலிருந்து, அவரைப் பிறர் கவனிப்பில் பத்திரமாக ஒப்படைக்கும் கணம் வரை எண்ணப்படும். விறைப்பூசியோ பெரும்பாலும் மயக்கத்துக்கு முன்னரே, நோயாளர் விழித்திருக்கையில் போடப்படுகிறது. அந்த இருபது நிமிடத்துக்கு 64415 என்று தனிக்கட்டணம் கேட்டபின், அதே இருபது நிமிடத்தை மயக்கநேரத்திலும் சேர்த்தால், அதுவே என் மாணவர் அஞ்சிய இரட்டைக் கணக்கு. ஆதலால் அந்நிமிடங்களை மயக்கநேரத்தினின்றும் விலக்கிவிடவேண்டும் என்பது விதி. நேர்மையான பதிவேட்டில் ஊசி தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் வேறாகவே காணப்படும்.

மொழி கற்பிப்பவனாகிய என்னை மிகவும் கவர்ந்தவை வேறு சில நுட்பங்களாகும். கமக்கட்டின் வழியாகச் சென்று புயநரம்புப் பின்னலை விறைக்கச் செய்யும் முறை ஒன்றுண்டு என்றேன். ஆங்கிலத்தில் அம்முறைக்கும் கமக்கட்டு நரம்பு எனப்படும் தனி நரம்புக்கும் ஒரே அடைமொழியே வழங்குகிறது. நரம்பின் எண் 64417. பின்னலின் எண், எவ்வழியாற் சென்றாலும், 64415. குறிப்பேட்டில் “கமக்கட்டு” என்ற சொல்லைக் கண்டவுடன், அனுபவமில்லாத குறியீட்டாளர் 64417 என்று எழுதிவிடுவார். ஊசி சென்ற வழியை, அது அடைந்த பொருளாகக் கொண்டதனால் வரும் பிழை இது. மாணவருக்கு ஆகுபெயர் கற்பிக்கும்போது இடத்தின் பெயர் இடத்திலுள்ள பொருளுக்கு ஆகிவரும் என்கிறோம். அதே மயக்கம் இங்கே பணப்பிழையாகிறது.

ஒருமை பன்மையும் இவ்வாறே. 64415 என்பதன் வரைவிலக்கணம் ஊசியைப் பன்மைக்கும் பொருந்துமாறு கூறுகிறது. ஆகவே, ஒரே பின்னலைச் சுற்றி வைத்தியர் மூன்று இடங்களிற் குத்தினாலும் எண்ணை ஒருமுறையே எழுதவேண்டும். ஊசியைப் போட்டுவிட்டு எடுக்காமல், மெல்லிய குழாயொன்றை அவ்விடத்தில் நிறுத்தி, நாட்கணக்கில் மருந்து சொட்டச் செய்வதும் உண்டு. அதற்கு எண் 64416. நோயாளர் சிறு பம்பியோடு வீடு செல்வார்.

ஸ்கான் கருவியின் கதையும் கேட்கத்தக்கது. 2022 ஆம் ஆண்டு முடியும்வரை, கருவியால் ஊசிக்கு வழிகாட்டியமைக்கு 76942 என்னும் வேறோர் எண்ணை எழுதி வேறு பணம் பெறலாம். படத்தையும் சேமித்து வைத்திருத்தல் வேண்டும். நாளடைவிற் கருவியில்லாமல் ஊசி போடுவார் அருகினர். இரண்டு எண்களும் பெரும்பாலும் கூடியே வந்தன. ஆகவே 2023 ஆம் ஆண்டு சனவரி மாதம் முதல், 64415, 64416, 64417 ஆகியவற்றின் வரைவிலக்கணத்துள்ளேயே “கருவி வழிகாட்டல் உட்பட” என்ற கருத்துச் சேர்க்கப்பட்டது. நேற்றுவரை சரியாயிருந்த வரி அன்றிலிருந்து பிழையாயிற்று. இத்தொழிலில் இருப்போர் ஆண்டுதோறும் புதிய நூலைக் கற்கவேண்டியிருப்பது இதனாலேயே.

இவ்வெண்கள் வெறும் பணத்தையே காட்டுகின்றன என்று எண்ணுதல் முழு உண்மையன்று. கழுத்தின் வழியாகப் போடும் விறைப்பூசி, அருகில் ஓடும் மற்றொரு நரம்பையும் பெரும்பாலும் விறைக்கச் செய்கிறது. மார்புக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள மூச்சுத்தசையை அசைக்கும் நரம்பு அது. விறைப்பு நீங்கும்வரை ஒரு பக்கத்து மூச்சுத்தசை தளர்ந்திருக்கும். சுகமான உடம்புடையோர் அதனைத் தாங்கிக்கொள்வர். சுவாசப்பை நோயுள்ளவருக்கு அது ஆபத்தாகலாம். அவர்களுக்கு வைத்தியர், தோளுக்கு நெருக்கமாகச் சென்று, தோட்பட்டை மேல்நரம்பையும் கமக்கட்டு நரம்பையும் தனித்தனியே விறைக்கச் செய்வதுண்டு. அப்பொழுது 64418, 64417 என்னும் எண்கள் வரும். ஆகவே, பிற்காலத்தில் ஒருவர் இவ்வெண்களைப் படித்தால், இந்த நோயாளருக்கு மூச்சுக் குறைபாடு இருந்திருக்கலாம் என்றும், வைத்தியர் அதனை எண்ணி நடந்தார் என்றும் ஊகிக்க இடமுண்டு. பிழையான எண் இந்த உண்மையையும் மறைத்துவிடும்.

இனி என் மாணவரின் கணக்கு என்னவாயிற்று என்று சொல்லவேண்டும். அவர் செய்யவேண்டியது யாது என்று நான் கேட்டறிந்து எழுதினேன். வரிவரியாகப் பிரித்த கட்டணப் பட்டியலைக் கேட்கும்படியும், தம் மயக்கமருந்துக் குறிப்பேட்டின் பிரதியைக் கேட்கும்படியும் சொன்னேன். நோயாளர் தம் குறிப்பேட்டைப் பார்க்கும் உரிமை அங்கே சட்டத்தால் வழங்கப்பட்டது. பிரதி வந்தது. அதில், முழு மயக்கம் கொடுக்கப்பட்டமை எழுதப்பட்டிருந்தது. விறைப்பூசிக்குத் தனிக்குறிப்பும், அதற்குரிய நேரமும் வேறாக இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, பின்வரும் நோவைத் தணிப்பதற்காகச் சத்திரவைத்தியரின் வேண்டுகோளின்படி ஊசி போடப்பட்டது என்று ஒரு வாக்கியம் இருந்தது. கணக்கில் இல்லாதிருந்தது 59 என்னும் விகுதி ஒன்றே. அவர் அதனைக் கணக்குப் பகுதியினருக்குச் சுட்டிக்காட்டினார். திருத்திய கணக்கு அனுப்பப்பட்டது. கம்பனி பணத்தைக் கட்டியது. செய்தியை அறிவித்து எழுதியபோது, “ஐயா, அது இரட்டைக் கணக்கு அல்ல, நான்தான் அவசரப்பட்டுச் சந்தேகித்தேன்” என்று ஒப்புக்கொண்டார்.

நேயர்களே, அவருடைய சந்தேகம் பிழையென்று நான் சொல்லமாட்டேன். குறிப்பேட்டில் அந்த வாக்கியம் இல்லாதிருந்தால், அல்லது முழு மயக்கமே கொடுக்கப்படாதிருந்தால், கம்பனி மறுத்ததே நியாயமாகியிருக்கும். அப்பொழுது விகுதியைச் சேர்ப்பது திருத்தமன்று, பொய்யாகும். அரசாங்கத்திடம் பொய்க்கணக்குக் காட்டிப் பணம் பெறுவோரைத் தண்டிக்கும் சட்டம் அந்நாட்டில் 1863 ஆம் ஆண்டிலேயே, உள்நாட்டுப் போர்க்காலத்தில் இயற்றப்பட்டது. படைக்குப் பொருள் வழங்கிய வஞ்சகருக்காக அன்று எழுந்த சட்டம், மெடிக்கெயர் கணக்கில் பொய் எழுதுவோர்மேல் இன்று பாய்கின்றது. வேறொரு பாதுகாப்பும் அண்மையில் வந்துள்ளது. சத்திரசிகிச்சை நடக்கும் வைத்தியசாலை காப்புறுதிக் கம்பனியோடு ஒப்பந்தம் செய்திருக்கும். மயக்கமருந்து வைத்தியர் செய்திருக்கமாட்டார். நோயாளர் அவரைத் தெரிவு செய்ததும் இல்லை. ஆயினும், எதிர்பாராத பெருங்கணக்கு நோயாளரிடமே வரும். 2022 ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த சட்டம், காப்புறுதியுள்ள நோயாளர்மேல் இவ்வாறான மேலதிகத் தொகையைச் சுமத்துவதைத் தடைசெய்துள்ளது.

கடல் கடந்த நாட்டில் உறவினரைக் கொண்டோர் இவற்றிலிருந்து சில விடயங்களை மனத்திற் கொள்ளலாம். கணக்கு வந்தவுடன் அஞ்சிப் பணம் கட்டிவிடவேண்டாம். கோபித்துக் கிழித்தெறியவும் வேண்டாம். வரிவரியான பட்டியலைக் கேளுங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் என்ன பொருள் என்று கேளுங்கள். குறிப்பேட்டையும் கணக்கையும் பக்கத்துப் பக்கமாக வைத்து ஒப்பிடுங்கள். காப்புறுதிக் கம்பனி மறுத்தால், மறுத்த காரணத்தை எழுத்திற் பெற்று, மேன்முறையீடு செய்யுங்கள். சத்திரசிகிச்சைக்கு முன்னரே, “இந்த விறைப்பூசி சத்திரசிகிச்சைக்காகவா, பின்வரும் நோவுக்காகவா?” என்று வைத்தியரிடம் கேட்பதும் தகும். இக்கேள்வியாற் கணக்கு மட்டுமன்றி, நம் உடம்பில் என்ன நடக்கப்போகிறது என்பதும் நமக்கு விளங்கும். நம் நாட்டிலே தனியார் வைத்தியசாலைக்குச் செல்லுபவரும், மொத்தத் தொகையை மட்டும் பார்த்து நின்றுவிடாமல், அதன் பகுதிகளைக் கேட்டறிதல் நன்று.

பல ஆண்டுகளாக நான் மாணவரின் வரவுப் பதிவேட்டில் ஒப்பமிட்டு வருகிறேன். ஒரு பிள்ளை வராத நாளில் ஆசிரியர் ஒரு கோடு இடுவார். பிள்ளைக்குக் காய்ச்சலா, சப்பாத்து இல்லையா, தாயாருக்கு உதவியாக நின்றதா என்று அந்தக் கோடு சொல்லாது. பக்கத்தில் ஆசிரியர் ஒரு வரி எழுதியிருந்தால் மட்டுமே நான் அறிவேன். அவ்வரி எழுதப்படாத நாட்களிற் சில பிள்ளைகளைக் காரணமின்றிக் கண்டித்துமிருக்கிறேன். மாணவரின் கணக்கைப் படித்தபோது அப்பிள்ளைகளின் நினைவு வந்தது. 64415 என்னும் எண்ணும் அத்தகைய கோடு ஒன்றே. ஊசி எதற்காகப் போடப்பட்டது என்பதை, வேலை முடிந்த களைப்பிலும் தம் கைப்பட எழுதிவைத்த வைத்தியரே என் மாணவரைக் காத்தவர். அவருடைய பெயரை நான் அறியேன். அவர் எழுதிய அந்த ஒரு வாக்கியத்துக்கு என் நன்றி உரியது.